ஒத்திவைப்பின் எதிர்ப்பதம்: ஒரு முன்னொட்டு ஆராய்ச்சி

சொல்லின் தலையில் ஏறி அமர்ந்து பொருளைத் திருப்பிவிடும் உறுப்பு முன்னொட்டு எனப்படும். தமிழ்ச் சொல் பெரும்பாலும் வால்பக்கம் வளர்வது; ஆங்கிலமோ லத்தீனிடம் வாங்கிய தலைப்பாகைகளை வேளைக்கொன்றாகக் கட்டிக்கொள்வது. ஆளைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிவதற்குக்கூட அதில் 'டிஃபெனெஸ்ட்ரேஷன்' என்று தனிச்சொல் உண்டு. 'ஃபெனெஸ்ட்ரா' என்பது லத்தீனில் ஜன்னல். 1618-இல் பிராக் கோட்டையில் அரசப் பிரதிநிதிகள் இருவரும் அவர்தம் செயலரும் இவ்வாறு எறியப்பட்டு, மூவரும் உயிர்பிழைக்க, முப்பதாண்டுப் போர் மூண்டது.

இத்தகைய அரிய செயலுக்கெல்லாம் சொல் சேர்த்துவைத்த மொழி, நாலு மணிக் கூட்டத்தை இரண்டு மணிக்கே நடத்துவதற்கு 'மூவ் ஃபார்வர்ட்' என்று மழுப்புவது ஆராயத்தக்கது. புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'மூவ் ஃபார்வர்ட்' ஆனால் அது திங்களா வெள்ளியா என்று உளவியலாளர் வினவியபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இரு கட்சியாகப் பிரிந்தனர். இந்திய அலுவலகங்களில் இச்சிக்கல் இல்லை. அங்கே 'ப்ரீபோன்' உண்டு.

இச்சொல்லைப் பிழையென்று முகஞ்சுளிப்போர் அதன் குலமுறை அறியாதவர். 'போஸ்ட்போன்' என்பதில் 'போஸ்ட்' பின், 'போனெரே' வை. ஆகவே 'ப்ரீபோன்' முன்வை. முன்னால் வைத்தல் என்னும் நேர்ப்பொருளில் அது 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் தலைகாட்டி மறைந்தது. 1913-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதிய ஒருவர், வழக்கறிஞர்களின் நன்மைக்கென்றே இன்றைய பொருளில் அதை முன்மொழிந்தார். வாய்தா வாங்கிப் பிழைக்கும் தொழிலில் அது எடுபடாததில் வியப்பில்லை.

தமிழின் நிலையும் பெருமைப்படத் தக்கதன்று. தாமதிக்க ஒத்திவை, தள்ளிவை, தள்ளிப்போடு என மூன்று வினைகளை வைத்திருக்கும் இம்மொழியில், முந்திக்கொள்ள வேண்டிய 'முன்வை'யைக் கோரிக்கைகள் எப்போதோ பிடித்துக்கொண்டன. கூட்டத்தை முன்வைத்தால் அதை யாரிடம் முன்வைப்பது என்ற கேள்வி எழும். ஆகவேதான், 'பிற்பகல் 4 மணிக்கு நடைபெறவிருந்த கூட்டம் அன்றே பிற்பகல் 2 மணிக்கு நடைபெறும் என இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது' என்று அறிவிப்புப் பலகையில் தூய தமிழில் ஒட்டப்படும் தாளை மூன்று பேர் நின்று படித்தும் விளங்காமல் நான்காமவரைக் கேட்க, அவர் நடந்துகொண்டே, "ப்ரீபோன் பண்ணிட்டாங்க சார்" என்கிறார்.