சளிக்கு ஏதாவது குடுங்க

நெஞ்சு வலி என்றால் டாக்டர். பல் வலி என்றால், பொறுக்கவே முடியாத நாளில், டாக்டர். சளிக்கு மட்டும் டாக்டரிடம் போகிறவனை இந்த ஊர் மதிப்பதில்லை. "இதுக்குப் போய் ஐந்நூறு ரூபாய் அழணுமா? மெடிக்கல்ல சொன்னா குடுக்கப்போறான்" என்று வீட்டிலேயே தீர்ப்பு வந்துவிடும்.

மெடிக்கலில் கம்பீரமாக நிற்பவர்கள் சர்க்கரைக்காரர்களும் பிரஷர்காரர்களும்தான். காலி அட்டையை மேஜையில் வைத்து, "இதே பவர், ஒரு மாசத்துக்கு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். சளிக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கைக்குட்டையும் கையுமாக நின்று, "அண்ணே, சளிக்கு ஏதாவது குடுங்க" என்று கெஞ்ச வேண்டும். அவர் வேறு யாருக்கோ பில் போட்டபடியே விசாரணையை ஆரம்பிப்பார்.

"ஒழுகுதா, அடைச்சிருக்கா?"

"பகல்ல ஒழுகுது, ராத்திரி அடைக்குது."

"இருமல்?"

"இருக்கு."

"வறட்டு இருமலா, சளி வருதா? வந்தா என்ன கலரு?"

இந்தக் கேள்வி வரும் நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டு மாமி பின்னால் வந்து நிற்பார். பக்கத்தில் ஆட்டோ ஒன்று உறுமிக்கொண்டிருக்கும் என்பதால் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதும் கடையில் நிற்கிற அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிடுவார்கள். "நொச்சி இலை போட்டு ஆவி பிடிச்சீங்களா?" என்பார் ஒருவர். "சித்தரத்தையைத் தட்டிப் போட்டு, பனங்கல்கண்டோட கஷாயம் வச்சுக் குடிங்க" என்பார் இன்னொருவர். "நேத்து ராத்திரி தயிர் சாப்பிட்டிருப்பார்" என்று மாமி என்னைத் தாண்டி ஊருக்கே அறிவிப்பார். இவ்வளவு தெரிந்தவர்கள் எதற்காக மெடிக்கலில் நிற்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் தும்மலோடு சண்டையும் சேர்ந்துவிடும்.

கடைக்காரர் இதற்குள் மூன்று அட்டைகளை எடுத்துப் போட்டிருப்பார். ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் விஷயம் வெளுத்துவிடும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பாராசிட்டமால், மூக்கொழுகலுக்குக் குளோர்பெனிரமைன், அடைப்புக்கு ஃபினைலெஃப்ரின். பெரும்பாலும் இதே மூவர்தான். குளோர்பெனிரமைன் தூக்கத்தை வரவழைக்கும். சில அட்டைகளில் அதோடு கஃபீனும் இருக்கும். அது தூக்கத்தைக் கலைக்கும். இரண்டும் ஒரே மாத்திரைக்குள், நம்ம ஊர் தேர்தல் கூட்டணி போல. பெயர்தான் வேறாயிற்றே என்று பச்சையையும் நீலத்தையும் சேர்த்துப் போட்டால், கூடுவது பலன் அல்ல, பாராசிட்டமாலின் அளவு. அது ஈரலுக்கு ஆகாது.

அடைப்புக்கு என்று உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த ஃபினைலெஃப்ரின் கதை இன்னும் விசேஷம். மாத்திரையாக விழுங்கினால் அதில் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலுமே சிதைந்துவிடுகிறது. மூக்குவரை போய்ச் சேர்வது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் நிபுணர் குழு, வாய்வழி கொடுக்கும் வழக்கமான அளவில் இது மூக்கடைப்பைத் தீர்ப்பதாகச் சான்று இல்லை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் அதைப் பட்டியலிலிருந்தே நீக்கலாம் என்று எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. இதையெல்லாம் கடைக்காரரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது அமெரிக்காக்காரன் மூக்கு சார். நம்ம மூக்குக்குக் கேக்கும்."

கேட்காமல் போனால்? அதற்கும் கைவசம் ஒன்று வைத்திருந்தார். "கூட ஒரு அஸித்ரோமைசின் போட்டுக்கங்க, மூணு நாள்ல கப்புனு நிக்கும்." ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. சளியைக் கொண்டுவருபவை வைரஸ்கள், அதிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள். டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதீர்கள் என்பதற்காகத்தான் அந்த அட்டையில் நெட்டுக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கத்தரியோடு நிற்பவர் கண்ணுக்கு அது, இங்கே வெட்டவும் என்று தெரிகிறதோ என்னவோ. வேண்டாம் என்று தலையாட்டினேன். "அப்ப உங்க இஷ்டம்" என்றார், இனி வரும் தும்மலுக்கெல்லாம் தான் பொறுப்பில்லை என்கிற குரலில்.

கத்தரி என்றதும் சொல்ல வேண்டும். பத்து மாத்திரை அட்டையில் நான்கு போதும் என்றால், அவர் வெட்டும் வெட்டில் எனக்கு வருவது பெயரின் பின்பாதி மட்டும். விலை, பேட்ச் நம்பர், காலாவதித் தேதி மூன்றும் கடையிலேயே தங்கிவிடும். இப்படி வந்த துண்டுகள் எங்கள் வீட்டு மருந்து டப்பாவில் ஏராளம். போன வருஷத்துச் சளிக்கு வாங்கியதா, அதற்கு முந்தைய வருஷத்து வயிற்றுப்போக்குக்கு வாங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. தூக்கிப் போடவும் மனசு வராது. காசு கொடுத்து வாங்கியது அல்லவா?

மாத்திரையில் தோற்றவன் தைலத்துக்குத் திரும்புவான். சிங்கப்பூர் சொந்தக்காரர்கள் தங்கம் கொண்டுவராவிட்டாலும் கோடாலித் தைலம் கொண்டுவந்துவிடுவார்கள். அமிர்தாஞ்சனுக்கு வயது நூற்றுமுப்பதைத் தாண்டிவிட்டது. 1893-இல் பம்பாயில் அதைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில்தான் மயிலாப்பூர்க்காரர்கள் காலையில் வாக்கிங் போகும் பூங்கா இருக்கிறது. ஊருக்கே தலைவலி வரும், பூங்கா யார் பெயரில் வரும் என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார்.

பில் 98 ரூபாய். நூறைக் கொடுத்தேன். சில்லறை இல்லை என்று கண்ணாடி ஜாடியைத் திறந்து இரண்டு மென்தால் மிட்டாயை எடுத்து வைத்தார். ஒன்றை வாயில் போட்டதும் மூக்கு விர்ரென்று திறந்தது. உண்மையில் திறக்கவில்லை, மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைச் சீண்டி, காற்று தாராளமாகப் போகிறது என்று மூளையை நம்பவைக்கிறது, அவ்வளவுதான். இருக்கட்டுமே. அன்று வாங்கியதில் நின்ற இடத்திலேயே வேலை செய்தது, நான் கேட்காத அந்த இரண்டு ரூபாய்ச் சரக்குதான்.

இப்போது அந்த ஜாடி இருந்த இடத்தில் க்யூஆர் அட்டை உட்கார்ந்திருக்கிறது. 98 என்றால் 98தான் போகும். மிட்டாய்க்கு வழியே இல்லை. "ஜிபே பண்ணிடுங்க சார், சில்லறை இல்ல" என்கிறார்.

"இல்லாட்டி பரவாயில்லண்ணே" என்று நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறேன்.