கையெழுத்துக்குப் பின் விவாதம்

கேள்வி: வெளிநாட்டோடு அரசு போடும் ஒப்பந்தத்தையும் செய்யும் செலவையும் நாடாளுமன்றம் தடுக்க முடியுமா? (தென்னேரி வாசகர்)

பதில்: பூட்டுக்கு இரண்டு சாவி. பணச் சாவி நாடாளுமன்றத்திடம். பேனாச் சாவி அமைச்சரவையிடம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட அரசுக்கு நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. அதை நிறைவேற்றச் சட்டம் வேண்டுமென்றால் மட்டும் 253ஆம் பிரிவின்கீழ் அவைக்கு வர வேண்டும். இந்திய நிலத்தையே விட்டுக்கொடுப்பதானால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று பெருபாரி வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கச்சத்தீவு இங்கேதான் நழுவியது. 1974 ஜூனில் இலங்கையோடு ஒப்பந்தம் கையெழுத்தானது; ஜூலையில்தான் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தார். திமுக உறுப்பினர் இரா. செழியன் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தார்கள். நிலத்தைக் கொடுக்கவில்லை, தகராறிலிருந்த எல்லையை வரையறுத்தோம் என்பது அரசின் வாதம். அதனால் திருத்தமும் வரவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. கடலோர மீனவர்களின் வாழ்க்கையைத் தொடும் முடிவு அவைக்குச் செய்தியாக மட்டுமே வந்தது பெருங்குறை. வங்கதேச எல்லைக்கோ 2015இல் 100ஆம் திருத்தம் நிறைவேறியது.

செலவில் பிடி இறுக்கம். மானியக் கோரிக்கைகளை மக்களவை ஏற்க வேண்டும். வெளியுறவு நிலைக்குழு அவற்றை முன்பே ஆராயும். செலவான பிறகு, தணிக்கை அறிக்கையை வைத்துப் பொதுக் கணக்குக் குழு கேள்வி கேட்கும். அதில் 22 உறுப்பினர்கள், அமைச்சருக்கு இடமில்லை. 1967 முதல் எதிர்க்கட்சிக்காரரே தலைவராவது மரபு.

தென்னேரி இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு இதைவிடக் கறாரானது: ஊர்ச் சபையின் வாரியத்தில் (குழுவில்) இருந்தும் கணக்குக் காட்டாதவரோடு அவர் உறவினரும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதி இழந்தார்கள்.