காதுள்ள தட்டும் காதில்லாத தட்டும்: இணைய ஏலத்தில் பழைய ஜாஸ் வாங்குவோர்க்கு நேரும் இடர்கள்

அரிய ஜாஸ் இசைத்தட்டின் விலையை முடிவு செய்வது அதில் இசை இல்லாத பகுதி. இணைய ஏலத்தில் நேரும் இடர்களில் பாதி இந்த முதல் விதியிலிருந்து கிளைத்தவை. வாத்தியம் பதிந்த பள்ளங்களைப் பற்றி வாங்குபவர் கேட்பது குறைவு. கடைசி உருப்படி முடிந்தபின் ஊசி வெறுமனே சுற்றும் வழவழப்பான வளையம், நடுவில் ஒட்டிய காகித லேபிள், லேபிளில் அச்சான முகவரி, தட்டின் விளிம்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தால் அவர் ஓயமாட்டார்.

இத்துறையில் புளூ நோட் நிறுவனத்தை வைத்தே பாடம் தொடங்குவது மரபு. 1939-இல் நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் லயன் தொடங்கிய இந்நிறுவனம், 1957-ஐ ஒட்டி லெக்சிங்டன் அவென்யூ 767-ஐக் காலி செய்து மேற்கு 63-ஆம் தெரு 47-க்குக் குடிபோனது. லேபிளிலும் முகவரி மாறியது. அன்று மேசை நாற்காலிகளை ஏற்றி இறக்கியவர்கள் இதை இசை வரலாற்றின் திருப்புமுனையாக எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஏலச் சந்தையோ அப்படித்தான் எண்ணுகிறது. ஒரே இசை, ஒரே அட்டைப்படம்; முகவரி ஒன்று மாறினால் விலை பாதியாகும். 1957-இல் பதிவான, சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியின் 1568 எண் தட்டில் இந்த நுட்பம் உச்சம் தொடுகிறது. சேகரிப்பாளர் கணக்குப்படி அதன் முதல் அச்சில் ஒரு பக்க லேபிளில் ‘நியூயார்க் 23’ என்று அஞ்சல் மண்டல எண் இருக்க வேண்டும். மறுபக்கத்தில் இருக்கக் கூடாது.

முகவரிக்கு அடுத்தது காது. புளூ நோட்டின் தட்டுகளை நியூ ஜெர்சியில் பிளாஸ்டிலைட் என்ற ஆலை அழுத்திக் கொடுத்தது. ஆலையின் முதலெழுத்தான ‘பி’ தட்டின் வெற்று வளையத்தில் பொறிக்கப்பட்டது. பார்வைக்கு அது காதுமடல் போல இருப்பதால் அப்பெயர். 1966 வாக்கில் நிறுவனம் லிபர்ட்டி என்ற வேறொரு இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போனதும் அச்சடிக்கும் ஆலை மாறியது, காதும் போயிற்று. ஆனால் பழைய லேபிள்களும் அட்டைகளும் மிச்சமிருந்தன. லிபர்ட்டி அவற்றை வீணாக்கவில்லை. ஆகவே பழைய முகவரியும் பழைய அட்டையும் கொண்டு காது மட்டும் இல்லாத தட்டுகள் உலவுகின்றன. ஏமாற்று வேலை எதுவும் இல்லை, வெறும் சிக்கனம். அறுபது ஆண்டு கழித்து அதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

மூன்றாவது அடையாளம் ரூடி வான் கெல்டரின் பெயர் முத்திரை. கண் பரிசோதனைத் தொழிலில் இருந்துகொண்டே, ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஜாஸ் மேதைகளைப் பதிவு செய்தவர் அவர். 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்தக் கூடம் கட்டினார். அவர் வெட்டிய மூலத்திலிருந்து பின்னாளில் அழுத்திய தட்டுகளிலும் அவர் முத்திரை இருக்கும். விற்பவரின் குறிப்பில் ‘வான் கெல்டர் முத்திரை உண்டு’ என்று கொட்டை எழுத்தில் இருந்து, காதைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் காது இல்லை என்று கொள்க. சொன்னது அத்தனையும் உண்மைதான். சொல்லாமல் விட்டதில்தான் பணம் இருக்கிறது. காதை முதலில் பார்ப்பதா முகவரியை முதலில் பார்ப்பதா என்பதில் அறிஞரிடையே இரு கட்சிகள் உண்டு. தட்டை ஓடவிட்டுக் கேட்பதை இரு கட்சியும் மூன்றாமிடத்தில் வைப்பதில் ஒற்றுமை.

மூலப்பதிப்பே மேலானது என்ற கொள்கைக்குக் கடும் சோதனை வைத்தது மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’. 1959-இல் கொலம்பியா வெளியிட்ட இதன் தொடக்கப் பிரதிகளில் சாக்ஸபோன் கலைஞர் ஆடர்லியின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டது; இரண்டாம் பக்கத்து உருப்படிகள் இரண்டின் தலைப்புகள் இடம் மாறின. முதல் பக்கத்தைப் பதிவு செய்த நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால் தட்டில் சுருதி ஒரு நூல் ஏறிவிட்டது. சுருதி சரியானது 1992 மறுவெளியீட்டில். எனவே எழுத்துப்பிழை, தலைப்புப்பிழை, சுருதிப்பிழை மூன்றும் ஒருங்கே அமைந்த பிரதிக்கு ஏலத்தில் அடிதடி. மூன்றும் திருத்திய புதுப்பிரதி கடையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

தட்டின் உடல்நிலையைச் சொல்ல, அமெரிக்காவின் கோல்ட்மைன் இதழ் பரப்பிய தரவரிசை புழக்கத்தில் உள்ளது: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், ஃபேர், புவர். ‘குட்’ என்ற தரத்திலுள்ள தட்டில் டிரம்ஸ் தட்டுவது எது, கீறல் தட்டுவது எது என்று பிரித்தறியப் பயிற்சி வேண்டும். பெரும்பாலும் தரம் கண்ணால் பார்த்துச் சொன்னது. 1950களில் ஊசி துள்ளாதிருக்க அதன் தலையில் நாணயம் வைத்து ஓட்டிய வீடுகள் உண்டு. அப்படித் தேய்ந்த தட்டு பளபளவென்றே இருக்கும், டிரம்பெட் உச்சத்துக்குப் போகும்போதுதான் கரகரக்கும். கீறல்களோ மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். விற்பவர் வீடுகளில் மேசை விளக்கு இருப்பது ஏனோ அரிது. ‘வயதுக்கு நன்றாகவே ஓடுகிறது’ என்ற வாசகம் கண்டால் கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளைக் குணத்தைப் போல அதையும் தள்ளுபடி போட்டே படிக்க வேண்டும்.

இனி ஏலம். ஈபே தளம் 1995-இல் பியர் ஒமிட்யார் தொடங்கியது. அங்கு கேட்பவர் தன் உச்சத் தொகையைத் தளத்திடம் சொல்லிவைக்கலாம். அடுத்தவர் கேட்டதற்குச் சற்று மேல் மட்டுமே தளம் ஏற்றும். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் ஆராய்ந்த ஏல முறைக்கு இது நெருங்கிய உறவு. அந்தக் கோட்பாட்டின்படி, பொருளின் மதிப்பு தனக்கு எவ்வளவோ அதை ஒரே தடவை சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். தட்டு வாங்குபவர் யாரும் தூங்கப் போவதில்லை. கடைசி வினாடிகளில்தான் கேட்புகள் குவிகின்றன. பொருளியலாளர்கள் ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, நேரம் கறாராக முடியும் ஈபேயில் இப்பழக்கம் மிகுதி என்றும், புதுக் கேட்பு வந்தால் நேரம் நீண்ட அன்றைய அமேசான் ஏலத்தில் குறைவு என்றும் காட்டியது.

இதைவிடக் கொடியது வென்றவர் சாபம். எண்ணெய் வயல் குத்தகை ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-இல் இதை விளக்கினர்: வயலில் உள்ள எண்ணெயை மிகையாக மதிப்பிட்டவரே ஏலத்தில் வெல்கிறார், வென்றபின் நட்டப்படுகிறார். தட்டுக்கும் இதே கதி. பத்துப் பேர் ஒரே மங்கலான படத்தை உற்றுப் பார்க்கிறார்கள். ஒன்பது பேருக்குக் கீறலாகப் பட்டது எவருக்குத் தூசியாகப் பட்டதோ அவருக்கே தட்டு.

அஞ்சல் வழி இடர்கள் எளியவை. தட்டை அட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பினால் வழிக்குலுக்கலில் அதன் விளிம்பு அட்டையின் தையலைக் கிழித்து எட்டிப் பார்க்கும். வெளியே எடுத்துத் தனியுறையில் அனுப்பச் சொல்ல வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் தட்டு நெளியும்.

மேற்கண்ட எதற்கும் அடங்காத தனி இனம், உறை பிரிக்காத தட்டு. விலை மிக அதிகம். காது, முத்திரை, லேபிள் முகவரி அத்தனையும் உள்ளே இருப்பதால் இது எந்த அச்சு என்று வெளியிலிருந்து சொல்ல இயலாது. அறிய வேண்டுமானால் பிரிக்க வேண்டும். பிரித்தால் இது பிரிக்காத தட்டாக இராது. ஆகவே இதன் மதிப்பு முழுவதும் மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அடங்கியுள்ளது. அந்தத் தாளைச் சூடேற்றிச் சுற்றும் கருவி சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதை இயக்கத் தனித்திறமை தேவையில்லை.