சொல் எங்கே காய்க்கிறது?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகளைத் தினம் பத்துச் சொல் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். மறுநாளே மறந்துவிடுகிறாள். சொல்வளம் பெருக என்ன வழி?

பதில்: வரிசையில் நிறுத்திய சொற்கள் ரேஷன் கடைக் கூட்டம் மாதிரி, கதவு சாத்தியதும் கலைந்துவிடும். சொல்லுக்கும் சொந்தபந்தம் வேண்டும். மகளைத் தோப்புக்கு அழைத்துப் போங்கள். தென்னையடியில் பொத்தென்று உதிர்ந்து கிடப்பது குரும்பை. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல். ஒரு பிஞ்சுக்கே இத்தனை பெயர் வைத்த மொழி! கையில் எடுத்துப் பார்த்ததை அன்றிரவே சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அகராதியைப் பிரிக்கட்டும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இங்கே வந்து தமிழ் கற்று, 1732-இல் சதுரகராதியே தொகுத்தார். வீட்டிலேயே தமிழ் கேட்டு வளர்ந்தவளுக்கு ஏன் முடியாது? இன்றைக்கே கச்சலில் தொடங்குங்கள்; பொரியலுக்கும் ஆகும்.