காதில் பஞ்சு வைத்த ரசிகர்கள்

த ஹோல்ட் ஸ்டெடி என்ற நியூயார்க் ராக் குழுவுக்கு இளமை என்று ஒன்று இருந்ததே இல்லை. 2003-இல் புரூக்ளினில் ஆரம்பித்தபோதே பாடகர் கிரெய்க் ஃபின்னுக்கு முப்பது தாண்டியிருந்தது. மினியாபொலிஸில் லிஃப்டர் புல்லர் என்ற குழு வைத்து, அது கலைந்தபின் ஊர் மாறி வந்தவர். கண்ணாடியும் ஆளுமாக, ஆடிட்டர் ஆபீஸிலிருந்து நேராக மேடையேறியவர் போலிருப்பார். பாடவும் மாட்டார். டாட் குப்ளரின் கிதார் எழுபதுகளின் பாணியில் முழங்க, இவர் கையை உதறியபடி பேசுவார். மைக்கை விட்டு விலகினாலும் வாய் ஓயாது.

பேச்செல்லாம் ஹாலி, சார்லமேன், கிதியோன் என்ற மூவரைப் பற்றி. 2005-இல் வந்த ‘செபரேஷன் சண்டே’ ஆல்பம் அவர்கள் கதைதான்: போதை, பார்ட்டி, நடுநடுவே கத்தோலிக்கப் பாவபயம். அடுத்த வருடம் ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் இன் அமெரிக்கா’வில் ஃப்ரான்ஸ் நிகோலேயின் பியானோ முன்னுக்கு வந்தது, கூட்டமாகக் கத்த வாகான பல்லவிகளும் வந்தன. நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த நானும் தொண்டை கட்டக் கத்தினேன். மறுநாள் மீட்டிங்கைத் தலையாட்டியே சமாளித்தேன்.

2010-இல் நிகோலே விலகினார். கிதாருக்கு ஸ்டீவ் செல்விட்ஜ் வந்தார். சத்தம் கூடியது, பியானோ இருந்த இடம் மட்டும் காலியாகவே கேட்டது. 2016-இல் நிகோலே திரும்பினார். செல்விட்ஜும் போகவில்லை. வயதாக ஆக ஆள் குறையும் என்பார்கள், இங்கே கூடிவிட்டது.

‘ஓப்பன் டோர் பாலிசி’ (2021), ‘த பிரைஸ் ஆஃப் பிராக்ரஸ்’ (2023) இரண்டிலும் பாட்டுக்கு மூச்சுவிட இடமிருக்கிறது. ஊது வாத்தியங்கள் வந்துவிட்டன. கிதார் தன் முறைக்குக் காத்திருக்கிறது. ஃபின் இரைவதைக் குறைத்து, நிதானமாகக் கதை சொல்கிறார். அன்று அவருடைய ஆட்களுக்கு அடுத்த பார்ட்டி எங்கே என்பது கவலை. இன்று வருகிறவர்கள் பணத்தோடும் வேலையோடும் மனநலத்தோடும் மல்லுக்கட்டுகிறார்கள்.

மாதக்கணக்கில் ஊர் சுற்றுவதும் குறைந்துவிட்டது. ஒரே ஊரில் இரண்டு மூன்று இரவு தொடர்ந்து வாசிக்கிறார்கள். வருஷக் கடைசியில் ‘புரூக்ளின் பௌல்’ அரங்கு. ஒரு பக்கம் பந்து உருட்டும் லேன்கள், மறுபக்கம் மேடை. போகும் நாங்களோ காதில் பஞ்சு, பாக்கெட்டில் நெஞ்செரிச்சல் மாத்திரை, வீட்டில் மணிக்கு இவ்வளவு என்று பேசி வைத்த பேபி சிட்டர். புதுப் பாட்டு தொடங்கினால் பீர் வாங்க வரிசை நீள்கிறது. 2006-இன் பாட்டுக்கு அத்தனை பேரும் முழங்கால் வலியை மறந்து ஓடி வருகிறார்கள். நானும்தான்.

வீட்டில் ஹெட்போனில் நான் கேட்பது என்னவோ பிந்தைய இரண்டு ஆல்பங்களையும்தான். எழுத்தின் கைவேலையில் அவைதான் மேல். அந்தக் கூட்டத்தில் யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லிவிடாதீர்கள்.