உறுப்பினர் இல்லாத நாட்கள்: திருப்பரங்குன்றம் பற்றி ஒரு சிற்றாய்வு

மதுரையில் இடைத்தேர்தல் என்று பேச்சு எடுத்தாலே பணப்பட்டுவாடாவில்தான் தொடங்குவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2006இல் மதுரை மத்தி, 2007இல் மதுரை மேற்கு, 2009 ஜனவரியில் திருமங்கலம் என மூன்று உறுப்பினர்களின் மறைவையொட்டி இந்த வட்டாரம் அடுத்தடுத்து மூன்று இடைத்தேர்தல்களைப் பார்த்தது. 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற தொடர் நாடு முழுக்கப் பரவியது அந்த மூன்றாவதில்தான். கவருக்குள் எவ்வளவு இருந்தது என்று விசாரித்தவர்கள் ஏராளம். தேர்தலுக்கு முன்னால் இருக்கை காலியாகக் கிடந்த நாட்களை எண்ணியவர்கள் குறைவு. அந்த நாட்களே இங்கே பொருள். அவற்றைப் படிக்கத் தமிழ்நாட்டில் திருப்பரங்குன்றத்தைவிடத் தகுந்த தொகுதி எனக்குத் தெரியவில்லை.

2016 மே 19 அன்று அதிமுகவின் எஸ்.எம்.சீனிவேல் இங்கே வென்றதாக அறிவிக்கப்பட்டது. 2001இலும் இதே தொகுதியில் வென்றவர் அவர். ஆனால் இம்முறை மருத்துவமனையிலேயே இருந்தார். மே 25 அன்று, புதிய உறுப்பினர்கள் சென்னையில் பதவியேற்ற நாளில், உறுதிமொழி எடுக்காமலே இறந்துபோனார். இடைத்தேர்தல் நவம்பர் 19 அன்று நடந்தது. நவம்பர் 22 அன்று அதிமுகவின் ஏ.கே.போஸ், திமுகவின் பா.சரவணனை 42,000க்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார். முதல் காலியிடத்தின் நீளம் 181 நாட்கள்.

அந்தத் தேர்தலின் ஆவணம் ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு கட்சி தன் வேட்பாளர் இவர்தான் என்று தேர்தல் அதிகாரிக்குத் தெரிவிப்பது 'ஏ', 'பி' என்ற இரண்டு படிவங்களால். இவை இல்லாவிட்டால் கட்சியின் சின்னம் கிடைக்காது. இரட்டை இலைக் கட்சியின் வேட்பாளரும் சுயேச்சைதான். 2016 அக்டோபர் இறுதியில் கட்சியின் பொதுச்செயலாளர் ஜெயலலிதா அப்போலோ மருத்துவமனையில் இருந்தார். ஆகவே படிவத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது. அரசு மருத்துவர் ஒருவர் அதற்குச் சான்றளித்திருந்தார். தேர்தல் அதிகாரி ஏற்றுக்கொண்டார். சரவணன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

வாக்காளரின் விரலுக்கும் அடுத்த மாதம் சோதனை வந்தது. நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. பழைய நோட்டை மாற்ற வந்தவரே திரும்பத் திரும்ப வராமலிருக்க வங்கிகளில் அழியாத மை வைக்கத் தொடங்கினார்கள். வாக்குச்சாவடியில் குழப்பம் வரும் என்று தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. வங்கி வாசலில் வரிசையில் நின்ற சனம்தான் வாக்குச்சாவடி வரிசையிலும் நின்றது. அவர்கள் போட்ட வாக்குக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் அடுத்த கதை.

போஸ் 2018 ஆகஸ்ட் 2 அன்று மறைந்தார். இருக்கை மறுபடியும் காலி. ஆனால் வென்றவர் இறந்தார் என்பதற்காகத் தேர்தல் வழக்கு தானாக முடிந்துவிடாது, அது தொடர்ந்தது. 2019 மார்ச் 22 அன்று நீதிபதி பி.வேல்முருகன் தீர்ப்பளித்தார்: கைரேகை இட்ட படிவங்களை ஏற்றது தவறு, போஸின் வெற்றி செல்லாது. தன்னையே வென்றவராக அறிவிக்க வேண்டும் என்ற சரவணனின் கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. மே 19 அன்று மறுபடி இடைத்தேர்தல். 23ஆம் தேதி சரவணன் 2,400க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டாம் காலியிடத்தின் நீளம் 294 நாட்கள்.

சீனிவேலின் மறைவிலிருந்து சரவணனின் வெற்றி வரை 1,093 நாட்கள். அதில் 475 நாட்கள் உறுப்பினரே இல்லை. மீதி 618 நாட்கள் இருந்தவரின் தேர்வு செல்லாது என்று பிறகு நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவர் அவையில் பங்கேற்ற நடவடிக்கைகள் அதனால் செல்லாமல் போகா. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 107ஆம் பிரிவு அவற்றைக் காக்கிறது. சட்டமன்றத்துக்கு அது போதும். வாக்காளருக்கு? சட்டம் செல்லும் என்று ஏற்ற ஓர் உறுப்பினர் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட வாய்க்கவில்லை. இதை நான் சிறு விஷயமாக நினைக்கவில்லை. பணம் வாங்கினார்கள் என்று இந்த மக்களை ஏளனம் செய்தவர்கள், இவர்களிடமிருந்து என்ன எடுத்துக்கொள்ளப்பட்டது என்று ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நகராட்சி, ஊராட்சி எல்லாமே தனி அலுவலர்கள் கைக்குப் போயின. மதுரை மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்ட திருப்பரங்குன்றத்தில் கவுன்சிலர் இல்லை. தொகுதியின் கிராமங்களில் ஊராட்சித் தலைவர் இல்லை. 2018 ஆகஸ்டுக்குப் பிறகு எம்எல்ஏவும் இல்லை. வாக்குப் போட்டுத் தேர்ந்தவர் என்று மிஞ்சியவர் விருதுநகர் மக்களவை உறுப்பினர் டி.ராதாகிருஷ்ணன் மட்டுமே, 2008 மறுவரையறைக்குப் பின் இந்த மதுரைத் தொகுதி விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது.

தெருக்குழாயில் தண்ணீர் வராதவர் யாரிடம் போவது? கவுன்சிலர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் காலையிலேயே நிற்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சத்தம் போடலாம். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலையை நடத்துவது. தனி அலுவலரிடம் அதைச் சொல்ல முடியாது. மிஞ்சுவது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். பஸ் பிடித்துப் போய், வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் காசு கொடுத்து, வரிசையில் நின்று, ரசீது வாங்கி வர வேண்டும். தோப்பூர் எய்ம்ஸுக்குப் பிரதமர் மோடி 2019 ஜனவரி 27 அன்று மதுரையில் அடிக்கல் நாட்டியபோது, இந்தத் தொகுதியின் இருக்கை ஆறாவது மாதமாகக் காலி.

சட்டத்தில் கெடு இல்லையா என்றால், இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151அ பிரிவு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தச் சொல்கிறது. 2016இல் அந்தக் கெடு முடிய மூன்று நாட்கள் இருக்கும்போது முடிவு வந்துவிட்டது. 2018இல் முதலில் மழைக்காலம் என்று மாநில அரசு அவகாசம் கேட்டது. பிறகு 2019 மார்ச்சில் மக்களவைத் தேர்தலோடு 18 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் அறிவித்தபோது, தேர்தல் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பரங்குன்றத்தை ஆணையம் விட்டுவிட்டது. ஆணையத்தின் தயக்கம் புரிகிறது. தோற்றவரே வென்றவர் என்று நாளை நீதிமன்றம் அறிவித்தால், புதிதாகத் தேர்ந்தவரை என்ன செய்வது? ஆனால் அதே சட்டத்தின் 86ஆம் பிரிவு தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. இந்த வழக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இடையில் உச்ச நீதிமன்றத் தடையும் வந்தது. ஒரு கெடு தவறியதைக் காரணம் காட்டி இன்னொரு கெடுவும் தவறியது. தேர்தல் வழக்கை நாள்தோறும் விசாரித்து முடிக்க நீதிமன்றம் கடமைப்பட்டிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

பதவியில் இருப்பவர் வேலை முடியுமுன் இறந்தால் என்ன செய்வது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மதுரைக்குக் கிழக்கே யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770ஐச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கோயிலைக் குடைந்தார். குடமுழுக்குக்கு முன் இறந்தார். தம்பி மாறன் எயினன் அதே பதவிக்கு வந்து, முகமண்டபம் எடுத்து, குடமுழுக்கும் செய்தார். பரம்பரைப் பதவியை யாரும் இன்று கேட்கப் போவதில்லை. வேலை நிற்கக்கூடாது என்ற கவலை மட்டும் அந்தக் கல்லில் தெளிவாகத் தெரிகிறது.

இதே கேள்விக்கு இத்தாலியின் விடை வேறு. அங்கே மாகாண அவை உறுப்பினர் ஒருவர் இறந்தால் இடைத்தேர்தல் கிடையாது. விகிதாசாரப் பட்டியலில் அவருக்கு அடுத்து நின்றவர் உள்ளே வருவார். மாகாணத் தலைவர் இறந்தால் முறை வேறு: அரசியல் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அவை முழுவதும் கலைந்து, எல்லோரும் மக்களிடம் போக வேண்டும். கலாப்ரியாவின் தலைவர் யோலே சான்டெல்லி 2020 ஜனவரியில் வென்று அக்டோபரில் மறைந்தபோது இதுதான் நடந்தது. அங்கேயும் கொரோனாவால் தேர்தல் தள்ளிப்போய் ஓராண்டு ஆனது. அதுவரை துணைத்தலைவர் பொறுப்பில் இருந்தார். தாமதம் எந்த நாட்டுக்கும் வரும். ஆனால் அங்கே ஓர் உறுப்பினரின் சாவால் ஓர் ஊர் குரலற்றுப் போவதில்லை. நம்முடைய ஒற்றை உறுப்பினர் தொகுதி முறையில் அது போகிறது. ஆகவே கெடுவை மதிக்கும் கடமை நமக்குத்தான் கூடுதல்.

2019 மேயில் சரவணன் பதவியேற்றபோது திருப்பரங்குன்றத்துக்கு எம்எல்ஏ கிடைத்தார்; கவுன்சிலர் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து கிராமங்களுக்குத் தலைவர்கள் வந்தார்கள். மாநகராட்சி வார்டுகளுக்கு வரவில்லை. 2021இல் அதிமுகவின் வி.வி.ராஜன் செல்லப்பா தொகுதியை வென்றபோதும் வரவில்லை. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது.