கையிருப்பு 148

என் மனைவி பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரான அன்று இரவு சாம்பாரில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை. பதவியில் இருப்பவர்களிடம் எதை எப்போது சொல்ல வேண்டும் என்பது சிப்காட் தொழிற்பேட்டையில் இருபது வருடம் ஷிஃப்ட் பார்த்தவனுக்குத் தெரியும்.

அவள் தலைவரானது ஒரு விபத்து. 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள். கும்மிடிப்பூண்டி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியிலும் கூட்டம் போட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அப்பாக்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள், அல்லது வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மாக்கள் டீக்கும் பிஸ்கட்டுக்கும் மரியாதை கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். "யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் ஹெச்.எம். அம்மா. என் மனைவி எழுந்து, "பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லையே டீச்சர்" என்றாள். வாயைத் திறந்தது அவள் ஒருத்திதான். ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து தெருவில் என் பெயர் 'தலைவர் வீட்டுக்காரர்'. பெயருக்குச் சம்பளம் இல்லை, வேலை உண்டு. கொடிக்கம்பம் சாய்ந்தால் கூப்பிடுவார்கள். பள்ளிக்குள் மாடு வந்தால் கூப்பிடுவார்கள். அப்படித்தான் ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஹெச்.எம். அம்மா கூப்பிட்டார்.

"சார், நீங்க கம்பெனியில தெனம் ரிப்போர்ட் எழுதுறவர்தானே. இந்த வருஷ ஆண்டறிக்கையை நீங்களே எழுதி வாசிச்சிடுங்க. எங்களுக்கு எமிஸ்ல ஏத்தவே நேரம் சரியா இருக்கு."

எமிஸ் என்பது பள்ளிக்கூடத்தின் சித்திரகுப்தன். மாணவனின் வருகை, உயரம், எடை, ரத்த வகை, வாங்கிய செருப்பின் அளவு என்று மாணவனைத் தவிர மாணவன் சம்பந்தப்பட்ட சகலமும் அதில் இருக்கும். நெட்வொர்க் கிடைக்காத நாளில் எங்கள் ஆசிரியர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பதைப் பார்த்தால் மழைக்கு வேண்டுதல் மாதிரி இருக்கும்.

எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நான் வேலை பார்ப்பது கம்பி உருட்டும் மில். நைட் ஷிஃப்டில், பில்லட் சூடேறும் இடைவெளியில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில் எழுதி முடித்தேன்.

'தொடக்க இருப்பு: 142. உள்வரவு: 17. வெளியேறியது: 11. கையிருப்பு: 148. ரிஜெக்‌ஷன்: இல்லை. பிரேக்டவுன்: குடிநீர் மோட்டார், 9 நாள். காரணம்: காயில் கருகியது. மூலகாரணம்: ஓணான். ஸ்கிராப்: பெஞ்சு 6, பழைய கம்ப்யூட்டர் 2. நியர் மிஸ்: ஒன்று. சத்துணவுக் கூடத்தில் பாம்பு. சமையல் ஆயா துடைப்பத்துடன் உடனடி நடவடிக்கை எடுத்தார்.'

ஹெச்.எம். அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், இவங்க பசங்க. கம்பி இல்ல."

"ரிஜெக்‌ஷன் இல்லைனு போட்டிருக்கேனே டீச்சர், எங்க மில்லுல அப்படி ஒரு ரிப்போர்ட் குடுத்தா முதலாளி எனக்கே மாலை போடுவார்."

உண்மையிலேயே இது சின்ன விஷயம் இல்லை. ஐந்திலும் எட்டிலும் பிள்ளைகளை ஃபெயிலாக்கி நிறுத்தலாம் என்று 2024 டிசம்பரில் டெல்லி விதியை மாற்றியது. தமிழ்நாடு மாட்டேன் என்று சொல்லிவிட்டது. ஆகவே எங்கள் பள்ளியில் உருட்ட உருட்ட எட்டாம் வகுப்பு வரை எல்லாக் கம்பியும் வெளியே வரும். நேராக வருகிறதா என்பது ஒன்பதாம் வகுப்பு வாத்தியாரின் கவலை.

"அதெல்லாம் இருக்கட்டும். சாதனைகள்னு ஒரு தலைப்புப் போடுங்க. பத்தாவது வேணும். சீஃப் கெஸ்ட் வர்றாரு."

பத்துக்கு நான் எங்கே போவேன்? ஹெச்.எம். அம்மாவே எடுத்துக் கொடுத்தார். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியது. புதுமைப் பெண் இரண்டாம் கட்டம் 2023 பிப்ரவரியில் பட்டாபிராமில். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவு 2024 ஜூலை 15 அன்று கீழச்சேரியில். மூன்றையும் முதலமைச்சர் நேரில் வந்து தொடங்கி வைத்தார். மூன்றும் திருவள்ளூர் மாவட்டம்.

"டீச்சர், கீழச்சேரிக்கு நம்ம ஊர்லேர்ந்து மூணு பஸ் மாறணும்."

"மாவட்டம் ஒண்ணுதானே சார்."

எங்கள் மாவட்டத்துக்கு இப்படி ஒரு ராசி. சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். எந்த ஆட்சி வந்தாலும் இந்தத் தூரம் மாறாது. மாவட்டப் பெருமை என்று இறங்கிவிட்டால் எல்லை கிடையாது என்பதற்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாட்சி. ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் எங்கள் பள்ளியில் அவரை 'நம் மாவட்டத்தின் மைந்தர்' என்பார்கள். அவர் 1888இல் திருத்தணியில் பிறந்தார். திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்மிடம் வந்தது 1960இல். அவர் அப்போது குடியரசுத் துணைத் தலைவர். திருவள்ளூர் மாவட்டம் உண்டானது 1997இல். ஆக, பிறந்த 109ஆவது வருடத்தில் அவர் எங்கள் மாவட்டத்துக்காரர் ஆனார். உள்வரவில் ஒன்று கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஹெச்.எம். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த சாதனை, கம்பெனிகள் கொடுத்தது. 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டப்படி, நல்ல லாபம் பார்க்கும் கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகக் காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்று அரசும் வாசலைத் திறந்துவிட்டது. சிப்காட் ஓரத்துப் பள்ளிக்கு இதனால் வரும் யோகத்தை மற்ற ஊர்க்காரர்கள் கற்பனை செய்ய முடியாது. பிப்ரவரி வரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மார்ச் பிறந்தால் போதும், 31ஆம் தேதிக்குள் கணக்கு முடிக்க வேண்டுமே, வேன் வேனாக வருவார்கள். போன மார்ச்சில் ஒரே சுற்றுச்சுவருக்கு இரண்டு கம்பெனிக்காரர்கள் பெயின்ட் டப்பாவோடு வந்துவிட்டார்கள். ஹெச்.எம். அம்மா உள்பக்கம் ஒருவருக்கு, வெளிப்பக்கம் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்தார். பஞ்சாயத்து அனுபவம் பேசியது.

எங்கள் மில் கொடுத்தது நாற்பது குப்பைத் தொட்டி. பள்ளியில் இருப்பது ஆறு வகுப்பறை. மிச்சம் முப்பத்து நான்கும் வீணாகவில்லை. மூன்று ஸ்டம்பு, பாக்கி பவுண்டரி எல்லை. இன்னொரு கம்பெனி பெண் பிள்ளைகளுக்குப் புத்தம் புதிய கழிப்பறையே கட்டிக் கொடுத்தது. நான்கு அறை, டைல்ஸ், வாசலில் மூன்றடிக் கருங்கல்லில் பெயர். கோட்டு போட்ட ஒருவர் ரிப்பன் வெட்டினார். கைதட்டி முடித்து என் மனைவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான்கு கதவுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. உள்பக்கம் இல்லை.

'ப' வடிவத்தையும் சாதனையில் சேர்க்கச் சொன்னார்கள். 2025 ஜூலையில் வந்த சுற்றறிக்கை அது. கடைசி பெஞ்சு என்பதே இருக்கக் கூடாது, மாணவர்கள் 'ப' மாதிரி உட்கார வேண்டும். நல்ல யோசனைதான், நான் எட்டு வருடம் கடைசி பெஞ்சில் இருந்தவன், வரவேற்கிறேன். ஆனால் எங்கள் பெஞ்சுகள் ஏதோ ஒரு பட்டறையில் இரும்பை அள்ளிப் போட்டு வெல்டிங் வைத்தவை. ஒன்றை நகர்த்த நாலு பேர் வேண்டும். ஒரு முழு நாள் இழுத்ததில் ஏழாம் வகுப்பில் 'ட' வந்தது. நான்காம் வகுப்பில் பெஞ்சே மூன்றுதான், அதனால் 'ஃ'. 'ப' எந்த அறையிலும் வரவில்லை. அதற்குள் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு எழுந்து, பெஞ்சுகள் பழைய இடத்துக்குத் திரும்பின. திரும்ப இழுத்ததில் எனக்கு இடுப்பு வலி.

நான் என் பங்குக்கு ஒன்று எழுதினேன். எங்கள் ஊரில் பாட்டிகள் தெலுங்கு பேசுவார்கள், பேரன்கள் தமிழில் பதில் சொல்வார்கள். மில்லுக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பீகார்ப் பையன். பள்ளியில் சேர்ந்த ஆறாம் மாதம் தமிழில் சண்டை போடுகிறான். சண்டை போட வந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் அவன் அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, டீச்சருக்கு இந்தி தெரியாது. நான் மில்லில் கற்ற இந்தி 'ஜல்தி', 'ரோக்கோ', 'கரம் ஹை' மூன்றோடு சரி. ஆகவே பையனே மொழிபெயர்ப்பாளன்.

"உன் பையன் வீட்டுப் பாடமே எழுதறதில்ல, பக்கத்துப் பையனக் கிள்றான், சொன்ன பேச்சுக் கேக்கறதில்லனு சொல்லுப்பா" என்றார் டீச்சர். பையன் கையைக் கட்டிக்கொண்டு, மிகப் பணிவாக, நீளமாக எதையோ சொன்னான். அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. மகன் தலையைத் தடவினார். டீச்சரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். போகும்போது பையனுக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். இதை 'மொழிபெயர்ப்புத் துறையில் சாதனை' என்று எழுதியிருந்தேன். ஹெச்.எம். அம்மா அடித்துவிட்டார். அறிக்கையில் இருந்த ஒரே நிஜமான சாதனை அது என்பது என் கருத்து.

விழா நாள் வந்தது. ஐந்து மணி என்று அழைப்பிதழ். சிறப்பு விருந்தினர் சென்னையிலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் வந்துகொண்டிருந்தார். ஐந்தரைக்குப் போன் செய்தால் "கவரைப்பேட்டை தாண்டிட்டேன்". ஆறுக்கும் கவரைப்பேட்டை தாண்டியிருந்தார். ஆறேகாலுக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் கேட்க, மறுபடியும் கவரைப்பேட்டையைத் தாண்டினார். அந்த ஊரை அத்தனை முறை தாண்டியவர் வேறு யாரும் இருக்க முடியாது. எங்கள் ஆசிரியர்கள் பதறவில்லை. பாதிப் பேர் மூர் மார்க்கெட் லோக்கலில் வருகிறவர்கள். வண்டி மீஞ்சூரில் நின்றுவிட்டால் இங்கே தமிழ்த்தாய் வாழ்த்தையே நிதானமாகப் பாட வைக்கக் கற்றவர்கள்.

நான் வாசித்தேன். அழிஞ்சிவாக்கத்துக்குக் கைதட்டல் இல்லை. பட்டாபிராமுக்கு ஒரு தாத்தா மட்டும் தட்டினார், கொசுவாகவும் இருக்கலாம். கம்பெனிகளின் பட்டியலுக்குச் சிறப்பு விருந்தினர் தலையாட்டினார். "இந்தக் கல்வியாண்டு முதல் காலை உணவில் திங்கட்கிழமை உப்புமா நீக்கப்பட்டு, பொங்கலும் சாம்பாரும் வழங்கப்படுகிறது" என்று நான் வாசித்ததுதான் தாமதம், ஒன்று முதல் ஐந்து வரை மொத்தமும் எழுந்து கூரை பறக்கக் கத்தியது. காலை உணவு அவர்களுக்கு மட்டும்தான். ஆறாம் வகுப்பு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போன வருடம் உப்புமாவைத் தின்று முடித்து, பொங்கல் வரும்போது ஆறுக்குப் போனவர்கள். அவர்கள் கோபம் நியாயம். மோட்டாரையும் ஓணானையும் ஹெச்.எம். அம்மா அடித்துவிட்டிருந்தார். பாம்பை மட்டும் விட்டு வைத்திருந்தார், ஆயா கோபித்துக்கொள்வாரே என்று. ஆயா மேடையேறி வணக்கம் சொன்னார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தலைவர் கேட்டார்: "தாழ்ப்பாளைப் பத்தி ஏன் வாசிக்கல?"

"அது சாதனையில வராதே."

"பதினோரு கூட்டத்துல தீர்மானம் போட்டிருக்கோம். குழுவோட செயலியில ஏத்தியிருக்கோம். அது சாதனை இல்லையா?"

பதில் சொன்னால் மறுநாள் சாம்பாரில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். நாலு கதவு, ஒன்றரை மணி நேரம். முடித்ததும் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன்; நான்கும் விழுகிறது. தாழ்ப்பாள் ஒன்று 85 ரூபாய், நான்குக்கு 340, ஸ்க்ரூ தனியாக 30. பில்லைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.